உரச்சத்து தண்ணீரில் கலக்காமல் தடுக்க: வயலிலேயே பிடிப்பதா, கரையில் மறிப்பதா?

வயலில் போட்ட உரம் ஆற்றையும் ஏரியையும் கெடுக்காமல் இருக்க நாலு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன: உரத்தை அளவோடு போடுவது, மூடுபயிர் (அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்காமல் மூடி வளர்ப்பது), கரையோரப் புல்பட்டை, ஈரநிலம் (தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றுநிலம்). எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சத்து ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறியதும் தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் மண்துகளில் ஒட்டிக்கொண்டு, மண் அரிக்கும்போது அதோடு போகும்.

உரத்தைச் சரியான நேரத்தில், சரியான அளவில் போடுவது செலவையும் மிச்சம் பிடிக்கும், அதனால் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் இதை மட்டும் நம்பினால் போதாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2013-ல் வந்த அறிவியல் மதிப்பீட்டின்படி, இலையுதிர் காலத்தில் போடும் உரத்தை வசந்த காலத்துக்கு மாற்றினால் நைட்ரேட் இழப்பு சராசரியாக 6 சதவீதம்தான் குறைகிறது. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியப் பயிரை மூடுபயிராகப் போட்டால் 31 சதவீதம், வடிகால் தண்ணீரை ஈரநிலத்துக்குத் திருப்பினால் 52 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? வெளியேறும் நைட்ரேட்டில் ஒரு பெரும் பங்கு மண்ணிலுள்ள மட்கு சிதைந்து வருவது. அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் அதை உறிஞ்ச வேர் எதுவும் இல்லை. மூடுபயிர் அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது, மண் அரிப்பையும் குறைக்கிறது.

புல்பட்டை, சரிவில் பரவி ஓடிவரும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் படியவைக்கும், அதனால் மணிச்சத்துக்கு நல்லது. ஆனால் நிலத்தடி வடிகால் குழாய்கள் பதித்த வயலில் நைட்ரேட் அந்தப் பட்டைக்கு அடியிலேயே புகுந்து நேராக ஓடைக்குப் போய்விடும், மேலே புல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. அங்கே ஈரநிலம்தான் சரி: காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. குளிர்காலத்தில் அவற்றின் வேலை மந்தமாகும், ஈரநிலத்துக்காகப் பயிர் நிலமும் கொஞ்சம் போகும்.

உழாமல் பயிரிடுவதையும் இங்கே சொல்ல வேண்டும். மண்ணோடு போகும் மணிச்சத்தை அது குறைக்கும், சரி, ஆனால் உரத்தை மேலே தூவிவிட்டுக் கிளறாமல் விட்டால் சத்து மேல்மண்ணிலேயே தேங்கி, கரைந்த வடிவில் மழையோடு ஓடும். அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியில் பாசி மறுபடி பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2014 ஆகஸ்டில் பாசி நச்சால் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனார்கள். மேலே தூவாமல் மண்ணுக்குள் வைப்பதே இதற்கு வழி.

என் தேர்வு மூடுபயிர், குழாய் வடிகால் உள்ள இடங்களில் அதோடு ஈரநிலம். ஆனால் விதைச் செலவும் வேலையும் விவசாயி தலையில், சுத்தமான தண்ணீரோ கீழே இருக்கும் ஊருக்கு. தண்ணீரைக் குடிப்பவர்கள் அந்தச் செலவில் பங்கு கொடுக்காத வரை இதை எத்தனை பேர் தொடர்ந்து செய்வார்கள்?