கப்பல் பயணம்: காசை எங்கே போட வேண்டும்?

எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று யாராவது கேட்டால், எந்த டெக்கில் எந்த இடத்தில் கேபின் எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பல வருடங்களாக வெவ்வேறு நிறுவனங்களின் சொகுசுக் கப்பல்களில் போய்வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நீச்சல் குளம், நாடக அரங்கு, சாப்பாடு எல்லாம் கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம்தான் மாறும். பயணம் இனிக்குமா கசக்குமா என்பதை முடிவு செய்பவை தூங்கும் இடமும் கையில் இருக்கும் நேரமும். காசைச் செலவழிப்பதென்றால் அந்த இரண்டுக்குச் செலவழியுங்கள்.

முதலில் கேபின். ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் எடுக்க வேண்டும். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர்கள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கிவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அலை பலமாக இருக்கும் இரவில் முன்பகுதிக் கேபின்காரர்கள் காலையில் பஃபே பக்கமே வருவதில்லை. பால்கனி வேண்டும், மேல் டெக் வேண்டும் என்று அதிகக் காசு கொடுப்பவர்களுக்குத்தான் ஆட்டமும் அதிகம் என்பது கொஞ்சம் வேடிக்கையான விஷயம்.

சத்தம் அடுத்தது. பதிவு செய்வதற்கு முன் டெக் வரைபடத்தைத் திறந்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நீச்சல் குள டெக்குக்குக் கீழே என்றால், விடிவதற்கு முன்பே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம் உங்கள் தலைக்கு மேல் கேட்கும். முதலில் ஒரு கிறீச், கொஞ்சம் அமைதி, மறுபடி கிறீச், வரிசை முடியும் வரை. அரங்குக்கு மேலே என்றால் இரவு வெகுநேரம் வரை டிரம்ஸ் அதிர்வு தரை வழியாக வரும். கீழ் டெக்கின் முன்கோடியில் இருந்தால், கப்பல் துறைமுகத்தில் ஒட்டும்போது அதைப் பக்கவாட்டில் தள்ள ஓடும் உந்திகளும், நங்கூரம் இறக்கும்போது சங்கிலியும் அலாரம் இல்லாமலே எழுப்பிவிடும். இரண்டு கேபின்களுக்கு நடுவே இணைப்புக் கதவு உள்ள அறையையும் குடும்பமாக இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஒழியத் தவிர்ப்பது நல்லது. பக்கத்து அறை இருமல்கூட அந்தக் கதவு வழியாக வரும்.

எண் சொல்லாமல் 'கேரண்டி' என்று மலிவாக விற்கும் கேபினில் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம்தான். நல்ல இடம் கிடைத்தவர்களும் உண்டு. தூக்கம் சுலபமாகக் கலையாதவர்களுக்கு அது லாபம், எனக்கு வேண்டாம். ஜன்னல் இல்லாத உள் கேபினைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். என்னைக் கேட்டால், துறைமுகங்கள் நிறைந்த பயணத்துக்கு அதுவே போதும். விளக்கை அணைத்தால் குகை இருட்டு, நேரம் தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா சேனல் இருந்தால் சத்தத்தைக் குறைத்து ஓடவிடுங்கள், விடியும்போது அறையும் வெளுக்கும். பால்கனியை மொத்தமாக வீண் என்று சொல்லிவிட முடியாது. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழையும் நார்வே ஃபியோர்டுகள், அலாஸ்கா பனிப்பாறைகள் என்று கப்பல் ஓடும் வழியே காட்சியாக இருக்கும் பயணத்தில் அது கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும் என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அதற்கு அப்புறம் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறுவது உங்கள் செலவு. சில நாடுகளின் சட்டப்படி அப்படி நடுவில் ஏறவே விடமாட்டார்கள்.

பயணத்துக்கு நடுவிலும் இதே கதைதான். துறைமுகத்தில் இறங்கியதும் கைப்பேசி கரையிலுள்ள டவரைப் பிடித்து உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் வந்தால் போதும், கதை கந்தல். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் புறப்படும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே இருக்கும். அந்த நேரத்தில் மேல் டெக் கம்பியோரம் ஒரு கூட்டம் கூடும். கடைசி நிமிடத்தில் பைகளோடு ஓடி வருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. ஏணியை எடுத்த பிறகு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது யாரும் கைதட்டுவதில்லை.

கப்பலே நடத்தும் சுற்றுலா விலை அதிகம்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஊர் துறைமுகத்தை ஒட்டியிருந்தால் நான் தனியாகத்தான் கிளம்புவேன், தூரம் என்றால் கப்பல் சுற்றுலா. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பயண அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர், அது சுமார் 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே, போகவர ஒரு பகல் பெரும்பாலும் சாலையிலோ ரயிலிலோ போய்விடும். கப்பல் ஒட்ட முடியாத ஊர்களில் நங்கூரம் போட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்கு ஏற்றிப் போவார்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் படகு பழைய துறைமுகத்தில் இறக்கிவிடும். மேலே ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார், கழுதை, அல்லது 600-ஐ நெருங்கும் படிகள். ஒரே நாளில் நாலைந்து கப்பல் நின்றால், திரும்பி இறங்கும் கேபிள் கார் வரிசைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் டெண்டர் துறைமுகத்தைத்தான் முதலில் ரத்து செய்வார்கள். கப்பல் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் திரும்பி வரும், வெளியே முன்பதிவு செய்தது வராமல் போகலாம்.

பாதுகாப்புப் பயிற்சியை முணுமுணுக்காமல் முடித்துவிடுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை, ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு, கேட்டால் உங்களுக்கென்று ஒதுக்கிய கூடுமிடத்துக்குப் போக வேண்டும். உங்கள் கூடுமிடத்துக்குக் கேபினிலிருந்து படிக்கட்டு வழியாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பஃபே வாசலில் கையில் பீய்ச்சும் ஜெல்லை நம்பாதீர்கள், ஆல்கஹால் ஜெல்லுக்கு அந்தக் கிருமி சரியாக அடங்காது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் சோதித்து 100-க்கு மதிப்பெண் போட்டுப் பகிரங்கமாக வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தோல்வி. பதிவு செய்வதற்கு முன் நான் பார்ப்பது வழக்கம்.

கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் தனி, அதுவும் பலமாக. ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு கடலில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்கிய பயணக் காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம்.

பெட்டியில் வைக்கக் காந்தக் கொக்கிகள் நாலைந்து போதும். பெரும்பாலான கேபின்களின் சுவர் உலோகம் என்பதால் ஈரத் துணி, தொப்பி எல்லாம் தொங்கவிடலாம். சர்ஜ் புரொடெக்டர் (மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் ஏறும்போதே பறிமுதலாகும். முதல் நாள் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம், எனவே மருந்து, பாஸ்போர்ட், ஒரு செட் உடை கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், மறுநாள் போட வேண்டிய உடையை எடுத்து வைத்துவிட்டு.

ஏறியதும் கைப்பேசியை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க்கை அது தானாகப் பிடித்துக்கொண்டால் வரும் பில் வைஃபை கட்டணத்தைவிட மோசமாக இருக்கும். குடிப்பதற்கெல்லாம் மொத்தமாக முன்பே கட்டிவிடும் குடிபானத் தொகுப்பு எனக்கு ஒத்துவரவில்லை, துறைமுக நாட்களில் பகல் முழுக்க வெளியே சுற்றுகிறவருக்கு அது நஷ்டம். கேபின் அட்டையில் ஏறும் செலவுக் கணக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தெரியாத தொகை இருந்தால் அன்றைக்கே சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள். கடைசி நாள் காலை சேவை மேஜையில் நிற்கும் வரிசை மாடிப்படி வரை போகும், அதில் நின்றுகொண்டிருக்கும்போதே இறங்கச் சொல்லி அறிவிப்பும் வந்துவிடும்.