34,500 ரூபாய் போச்சு, எட்டு ஹார்ட் டிஸ்க்கும் போச்சு: பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் சேலத்திலிருந்து மலை ஏறி வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. ராத்திரி கண்ணை மூட முடியவில்லை. 34,500 ரூபாய். வகுப்பு தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஏற்காட்டில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். மாதம் 300 ரூபாய் ஃபீஸ். பழம் பறிக்கும் சீசனில் கூலி கைக்கு வந்த பிறகுதான் பல பேர் மொத்தமாகக் கட்டுவார்கள். 34,500 என்றால் 115 மாத ஃபீஸ். அந்தப் பணம்தான் போயிருக்கிறது.

என்னிடம் எட்டு மெஷின். எல்லாம் கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு காலேஜ் லேபில் கழித்துவிட்டபோது வாங்கியது. விண்டோஸ் 7-ல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அப்டேட்டை நிறுத்திவிட்டது. யாராவது ஒரு பிள்ளை பென் டிரைவில் வைரஸைக் கொண்டுவந்தால் எட்டையும் உட்கார்ந்து ஃபார்மட் பண்ண வேண்டும். இரண்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. புதுசு வாங்க வசதியில்லை. அதனால்தான் சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்று சர்வீஸும் செய்கிற ஒரு கடைக்குப் போனேன். பேர் போட வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். சரி, போடவில்லை.

கடைக்காரருக்கு முப்பது வயசு இருக்கும். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "புது டிஸ்க் எதுவும் வாங்காதீங்க அக்கா, காசு வேஸ்ட். நெட்வொர்க் பூட் போட்டுடலாம். ஒரு சர்வர் போதும்ங்க, மத்த எட்டும் அதுலிருந்தே எழுந்துக்கும்" என்றார். அதாவது, மெஷினுக்குள் டிஸ்க் இல்லாமலே, சர்வர் என்கிற ஒரு பொது மெஷினிலிருந்து கேபிள் வழியாக எல்லாவற்றையும் எடுத்து ஆன் ஆகுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடனே உள்ளே ஒரு மெஷினின் மூடியைக் கழற்றி, "கைய விட்டுப் பாருங்க" என்றார். விட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி, கேபிள் மட்டும் தொங்கியது. பவர் பட்டனை அழுத்தினார். கறுப்புத் திரையில் டிஎச்சிபி என்று வந்து பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, லினக்ஸ் டெஸ்க்டாப் வந்து நின்றது. தமிழ்99 கீபோர்டு முறையில் என் பெயரையே டைப் அடித்துக் காட்டினார். "ஒரு இடத்துல சரி பண்ணா எட்டும் சரியாயிரும்ங்க. வைரஸ் தொல்லையும் கிடையாது." அந்த இடத்தில் விழுந்தேன்.

அவர் காட்டியதில் பொய் இல்லை. நெட்வொர்க் பூட் நல்ல ஏற்பாடு. அதற்கான வசதியை பி.எக்ஸ்.இ. என்று இன்டெல் 1990-களின் கடைசியில் கொண்டுவந்தது, என் மெஷின்கள் வயசில் உள்ள போர்டு பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இப்படிப் பூட் பண்ண வைக்கிற எல்.டி.எஸ்.பி. என்ற இலவச மென்பொருள் 1999-லிருந்தே இருக்கிறது, எத்தனையோ பள்ளிக்கூட லேப் அதில் ஓடுகிறது. நல்ல விஷயத்தைக் காட்டி ஏமாற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஐ5 சர்வர், 8 ஜிபி ராம், 18,000. கிகாபிட் ஸ்விட்ச் 5,500. கேபிள், கனெக்டர் 4,000. எட்டு மெஷினுக்கும் பயாஸ் பேட்டரி (கரண்ட் இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் மறக்காமல் வைத்திருப்பது) 2,000. செட்டிங் கூலி 5,000. ஆக 34,500. அங்கேயே 20,000 ஜிபே பண்ணினேன். வேலை முடிந்த அன்று 14,500 ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "அடுத்த தடவ வரும்போது கொண்டாரேன்க்கா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனோடு வந்து மாட்டினார். வந்தவுடன் வீட்டு ஃபைபர் மோடத்தின் கேபிளைப் பிடுங்கி வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எட்டு மெஷினையும் ஆன் பண்ணிக் காட்டினார், எட்டும் எழுந்தது. பிறகு எட்டு டிஸ்க்கையும் கழற்றி ஒரு கட்டப்பைக்குள் போட்டார். "இனி இது உங்களுக்கு வேண்டியதே இல்லைங்க. டிஸ்க்குக்கு 300 போட்டு எடுத்துக்கறேன், 2,400 கழிச்சுக்கலாம்." ஒன்றாம் நம்பர் டிஸ்க்கில் மூணு வருஷ ஃபீஸ் கணக்கு, பிள்ளைகளின் போட்டோ, ஆதார் காப்பி எல்லாம் இருந்தது. கேட்டேன். "காப்பி பண்ணி பென் டிரைவ்ல தரேன், அப்புறம் ஃபார்மட் பண்ணிடுவேன், பயப்படாதீங்க" என்றார். இன்றுவரை பென் டிரைவும் வரவில்லை, 2,400-ம் வரவில்லை.

திங்கட்கிழமை மோடம் பழையபடி இணைப்பில் இருந்தது, பிள்ளைகள் வந்து எட்டையும் ஒன்றாகப் போட்டார்கள். மூணுதான் எழுந்தது. மற்றதில் "நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு", "டிஎஃப்டிபி ஓப்பன் டைம்அவுட்" என்று நின்றுவிட்டது. எழுந்த மூணும் மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. புதன்கிழமை மழையில் கரண்ட் போய் வந்ததும் நாலு மெஷின் தேதியை மறந்து, "பூட் டிவைஸ் இல்லை" என்று ஹார்ட் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்தது.

போன் மேல் போன். முதல் வாரம் "நாளைக்குப் பையனை அனுப்பறேன்க்கா." இரண்டாவது வாரம் "பையன் லீவுங்க." மூணாவது வாரம் "ஏற்காட்டுல வோல்டேஜ் சரியில்ல, பனி ஈரம் வேற, நாங்க என்ன பண்ண முடியும்?" அதற்கப்புறம் அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. "உங்க மெஷினே பழசு மேடம். மலை ஏறி வரணும்னா விசிட் சார்ஜ் 1,500 முதல்ல போடுங்க." 34,500 வாங்கினவர் மேலும் 1,500 கேட்கிறார்!

என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். போன வாரம் லீவுக்கு வந்தவன் மாடிக்கு வந்து உட்கார்ந்தான். முதலில் மோடத்தைப் பார்த்தான். மெஷின் எழும்போது "எனக்கு ஒரு முகவரி கொடுங்க" என்று கேபிளில் கேட்குமாம். அதற்கு சர்வர், முகவரியைக் கொடுப்பதோடு, எந்த ஃபைலை எடுத்துப் பூட் ஆக வேண்டும் என்றும் சொல்லும். மோடமும் அதே கேள்விக்குப் பதில் சொல்லும், ஆனால் வெறும் முகவரி மட்டும் கொடுக்கும். மோடத்தின் பதிலைப் பிடித்துக்கொண்ட மெஷினுக்கு ஃபைல் பெயர் தெரியாமல் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மோடத்தைப் பிடுங்கி வைத்தது அதற்குத்தான். கடைக்காரருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மோடத்தில் இப்படி முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை நிறுத்த அந்தத் தம்பிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தான். சர்வரில் ஐ5-க்குப் பதில் அதைவிடக் குறைந்த ஐ3, 8 ஜிபி ராமுக்குப் பதில் 4 ஜிபி. ஸ்விட்ச்சைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டினான், 100 எம்பிபிஎஸ்தான். நொடிக்கு 12 எம்பி அளவுக்குத்தான் அதில் போகும், அதை எட்டு மெஷின் பங்கு போட வேண்டும். கிகாபிட் என்றால் பத்து மடங்கு. கேபிளின் நுனியைப் பிளேடால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். லேசாக நாலு தடவை மடக்கியதும் முறிந்துவிட்டது. பேட்டரி இன்னும் மோசம். கழற்றிப் பார்த்தால் எட்டும் பழைய பேட்டரியேதான், ஒன்றில் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. ஒரு பேட்டரிக்கு 250 வாங்கியிருக்கிறார், ஒன்றைக்கூட மாற்றவில்லை. மூணு மெஷினில் என்னுடைய 2 ஜிபி ராமைக் கழற்றிவிட்டு 1 ஜிபி மாட்டியிருக்கிறார். இதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது. நான் காப்பி போட்டுக் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

நேற்று அந்த ஸ்விட்ச்சையும் முறிந்த கேபிளையும் பையில் போட்டுக்கொண்டு இருபது வளைவும் இறங்கிப் போனேன். கடையில் வேறு யாரோ மெஷின் வாங்க வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "மேடம், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் அந்த வெள்ளைத் தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க கடை சீல் இருக்கா மேடம்? இது வெறும் எஸ்டிமேட்" என்றார். டிஸ்க் எங்கே என்றேன். "அதெல்லாம் அப்பவே லாட்டுல போயிருச்சு." ஃபார்மட் பண்ணினீர்களா என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், நேரமாகிவிட்டது. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், முதலிலேயே பெரிய தொகை போடாதீர்கள். மோடம் இணைப்பில் இருக்கும்போதே எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டும் போடுங்கள். அதற்கப்புறம் மீதிப் பணம். வேலைக்கு முன்பே ராம், டிஸ்க் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிஸ்க்கை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், சாதாரணமாக ஃபார்மட் பண்ணினால் உள்ளே இருப்பது அழியாது, திரும்ப எடுத்துவிடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று கூப்பிடப் போகிறேன், ஜிபே ரசீது இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்த எட்டும் 160 ஜிபி சாட்டா டிஸ்க். மேலே வெள்ளை பெயின்ட்டில் 1 முதல் 8 வரை என் கையால் எழுதியிருக்கிறேன். சேலம் பக்கம் யாராவது பழைய டிஸ்க் வாங்கி, அதில் வெள்ளையாக 1 என்று இருந்தால், தயவுசெய்து எதையும் திறக்காமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த விலையை நான் தந்துவிடுகிறேன்.