பாதிப் பெல்ட்டோடு சென்னைக்கு வருகிறவர்களுக்கு: கராத்தே கிளாஸ்கள் ஒரு மதிப்பீடு

க்ரீன் பெல்ட், ப்ளூ பெல்ட் வரை வந்துவிட்ட பிள்ளையோடு சென்னைக்கு வீடு மாறுகிறவர்கள் முதலில் கேட்பது, "பக்கத்துல நல்ல கராத்தே கிளாஸ் எது?" என்றுதான். அதற்கு முன்னால் பிள்ளை இதுவரை படித்தது எந்த ஸ்டைல் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பெல்ட் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஷோட்டோகான், கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு, இஷின் ரியு என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். புது கிளாஸும் அதே ஸ்டைல் என்றால் பாதி வேலை முடிந்தது. வேறு என்றால் என்னவெல்லாம் மாறும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஷோட்டோகான் பிள்ளைகள் ஆரம்பத்தில் கற்கும் ஹெய்யான் ஷோடன் கட்டாவில் (கட்டா என்பது தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை) 21 அசைவுகள். ஷிட்டோ ரியுவிலும் வாடோ ரியுவிலும் ஏறத்தாழ அதே கட்டாவுக்குப் பெயர் பினான் நிடன், அதாவது இரண்டாவது. ஒகினாவா மாஸ்டர் இட்டோசு அன்கோ அமைத்த வரிசையில் முதல் இரண்டையும் ஷோட்டோகானை நிறுவிய ஃபுனகோஷி கிச்சின் இடம் மாற்றியதால் வந்த வித்தியாசம் இது. புது மாஸ்டர் "முதல் கட்டாவைச் செய்" என்றதும் பிள்ளை வேறொன்றைச் செய்தால் அது பிள்ளையின் தவறில்லை. கோஜு ரியுவில் ஹெய்யானும் இல்லை, பினானும் இல்லை. கெக்கிசாய் கட்டாவில் தொடங்கி, மூச்சையும் உடல் இறுக்கத்தையும் பழக்கும் சான்சின் கட்டாவுக்குப் போகும். ஷோட்டோகானின் நீண்ட, தாழ்ந்த நிலையில் ஊறிய கால், சான்சினின் குட்டையான நிலைக்கு வரத் திணறும். இஷின் ரியுவிலிருந்து வருகிற பிள்ளை முஷ்டியைத் திருப்பாமல், கட்டை விரல் மேலே இருக்க நேராகக் குத்தும். ஷோட்டோகானில் கடைசியில் முஷ்டி திரும்ப வேண்டும். பழக்கப்பட்ட கை களைத்துப்போகும்போதெல்லாம் பழைய குத்துக்கே திரும்பும். அதற்குச் சில மாதம் பொறுக்கத்தான் வேண்டும்.

பெல்ட்டின் நிறத்தை நம்ப வேண்டாம். நிற வரிசை சங்கத்துக்குச் சங்கம் மாறும். சான்றிதழில் உள்ள கியூ எண்தான், அதாவது பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படிகளின் எண்தான் கணக்கு. எண் குறையக் குறைய மேலே போகிறோம். 1-ஆம் கியூவுக்கு அடுத்தது பிளாக் பெல்ட்டின் முதல் டான்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு புது மாஸ்டர் என்ன செய்கிறார் என்பதுதான் கிளாஸின் தரத்தைக் காட்டும் இடம். நல்ல மாஸ்டர் பழைய பெல்ட்டையே கட்டச் சொல்லி, அந்த வரிசையின் கடைசியில் நிறுத்தி, ஒன்றிரண்டு மாதம் பார்ப்பார். கட்டாவைத் தனியாகச் செய்யச் சொல்லி, எங்கே தங்கள் முறையோடு ஒட்டவில்லை என்று பிள்ளையிடமே சொல்வார். ஸ்டைல் முற்றிலும் மாறும்போது வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. ஒரே ஸ்டைல், கையில் சான்றிதழ், கட்டாவும் சுத்தம் என்ற நிலையிலும் வெள்ளை பெல்ட்டுதான் என்றால், ஒவ்வொரு டெஸ்டுக்கும் மறுபடி பணம் கட்ட வைக்கிற கணக்கு அது. பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்காமல், பணம் கட்டினால் அடுத்த பெல்ட்டே தருகிறோம் என்று சொல்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம்.

சென்னையில் கிளாஸ் நடக்கும் இடத்தை வைத்தே ஓரளவு எடை போடலாம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் கிளப் ஹவுஸில் நடக்கும் கிளாஸ்கள் வசதியானவை. பிள்ளை லிஃப்டில் இறங்கிப் போய்விட்டு வந்துவிடும். புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். க்ரீன் பெல்ட்டுக்கு மேல் போதாது. 5 வயதுக் குழந்தையும் 14 வயதுப் பையனும் ஒரே பேட்சில் நின்றால் இருவர் மோதிப் பழகும் குமித்தேவுக்குச் சமமான ஜோடி கிடைக்காது, மாஸ்டரின் நேரம் முழுக்கச் சின்னவர்களை அடக்குவதிலேயே போகும். மொட்டை மாடி கிளாஸ் என்றால் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் தட்டோட்டுத் தரை சாயங்காலம் ஐந்து மணிக்கும் உள்ளங்காலைச் சுடும். மெத்தையில்லாத தரையில் குதித்துக் குதித்துப் பழகினால் குதிகாலிலும் கணைக்கால் எலும்பிலும் வலி வரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்கு எங்கே மாற்றுவார்கள் என்றும் கேளுங்கள்.

போட்டிக்குத் தயார் செய்யும் சென்டர்களில் மேட் நன்றாக இருக்கும், கையுறை முதல் ஷின் கார்டு வரை ஒழுங்காக இருக்கும். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதியில் 8 மீட்டர் சதுர மேடை. குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கு 3. இந்தக் கணக்குக்காகவே பயிற்சி நடப்பதால் வேகம் வரும், அடிப்படை சில இடங்களில் தேயும். பத்து வயதைத் தாண்டி, போட்டியில் மனம் உள்ள பிள்ளைக்கு இது சரி. மற்றவர்களுக்கு எங்கள் ஓட்டு பள்ளி ஹாலிலோ சமூகக் கூடத்திலோ பல வருஷமாக நடக்கும் சங்க கிளாஸுக்குத்தான். பெயின்ட் உதிர்ந்த சுவரைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். வரிசையின் முன்னால் பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட் பெரியவர்கள் நான்கைந்து பேர் இன்னும் வந்து வியர்வை சிந்துகிறார்களா என்று பாருங்கள். பிளாக் பெல்ட் வாங்கியதும் எல்லோரும் நின்றுவிடும் கிளாஸில், அதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

டெமோ கிளாஸுக்குப் போனால் முழு ஒரு மணி நேரமும் உட்காருங்கள். பெற்றோரை உள்ளே விடாத கிளாஸ் வேண்டவே வேண்டாம். வார்ம் அப்பில் கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவது, வாத்து நடை, சிமென்ட் தரையில் சின்னப் பிள்ளைகளுக்கு முஷ்டித் தண்டால், இதெல்லாம் இருந்தால் மாஸ்டர் புதிதாக எதையும் படிக்கவில்லை. பிறகு கியாக்கு சுக்கி, அதாவது பின்கைக் குத்து வரும்போது ஒரே ஒரு மாணவரின் இடுப்பை மட்டும் கவனியுங்கள். இடுப்பு திரும்பி, பின்கால் குதி தரையில் அழுந்தி, அப்புறம் கை போக வேண்டும். தோள் மட்டும் முன்னால் போனால் அந்தக் குத்தில் பலம் இல்லை. அதே நேரம் முன்முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா, உள்பக்கம் சரிகிறதா? சரிந்தபடியே மாதக்கணக்கில் பழகினால் முழங்காலின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். மாஸ்டர் அருகில் வந்து அந்த முழங்காலைத் திருத்தினால் சேர்த்துவிடலாம். எண்ணிக்கை மட்டும் கத்திக்கொண்டு முன்னால் நின்றால் யோசியுங்கள்.

குமித்தேயில் முகத்துக்குப் போகும் குத்து தொடுவதற்கு முன்பே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், அடித்தவரை மாஸ்டர் உடனே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். மேட் துண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டிருந்தால் திரும்பும்போது கால்விரல் மாட்டும். பொதுக் கையுறைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரை நிச்சயம். சொந்தக் கையுறையும் மவுத் கார்டும் வாங்கிவிடுங்கள்.

ஃபீஸைப் பொறுத்தவரை மாதத் தொகையை மட்டும் கேட்டு வராதீர்கள். அட்மிஷன், வருஷச் சந்தா, பெல்ட் டெஸ்ட், சான்றிதழ், போட்டி நுழைவு என்று ஒரு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வருஷத்தில் எத்தனை டெஸ்ட், அதற்கு உட்காராமல் இருக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டிரஸ் புதிதாக வேண்டியதில்லை. அதில் தைத்திருக்கும் பழைய சங்கச் சின்னத்தைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்தால் போதும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இந்த வெயிலுக்கு 8 அவுன்ஸ் துணி, உயரத்தைவிட ஒரு சைஸ் கூடுதலாக. காட்டன் முதல் துவைப்பிலேயே சுருங்கும்.

இன்னும் லாரி ஏற்றவில்லை என்றால், பழைய மாஸ்டரைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். கடைசி டெஸ்ட் தேதி, கியூ எண், தெரிந்த கட்டாக்கள், எந்தச் சங்கம் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் மனம் கோணாமல் எழுதித் தருவார்கள். சென்னையில் அதே சங்கத்து ஆள் யார் என்று அவருக்கே தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.