பெல் அருங்காட்சியகம், பாடெக்: அம்மாவோடு போய் வந்தேன்

கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து பாடெக் ஊருக்குக் காரில் நான்கு மணி நேரம். அம்மாவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. அதனால்தான் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவிடத்துக்கு அவளையே கூட்டிப்போனேன்.

தொலைபேசியை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1876 மார்ச் 7-இல் காப்புரிமை வாங்கியபோது பெல்லுக்கு வயது 29. அதற்கப்புறம் வாழ்ந்த நாற்பத்தாறு வருடத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டும். பெல்லும் அவர் குழுவும் கட்டிய எச்டி-4 என்ற அதிவேகப் படகின் அசல் உடல் அப்படியே கிடக்கிறது. சுருட்டு மாதிரி நீண்ட, சாம்பல் நிற மரக்கூடு. 1919-இல் நீருக்கு மேலே எழும்பி மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. பக்கத்தில் போய் நின்றால் அதன் நீளம் மூச்சை அடைக்கிறது.

அம்மா நின்றுவிட்ட இடம் வேறு. பெல்லின் தாய்க்கும் காது மந்தம். மனைவி மேபல் ஐந்து வயதில் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். அந்தப் படங்களை விட்டு அம்மா நகரவே இல்லை. ஆனால் காது கேளாத குழந்தைகள் சைகை மொழியை விட்டுப் பேசப் பழக வேண்டும் என்று பெல் பிடிவாதமாக வாதாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. பல தலைமுறைக் குழந்தைகள் அதனால் கஷ்டப்பட்டார்கள்.

வெளியே வந்தால் ஏரிக்கு அப்பால் மலை. பெல்லும் மேபலும் அங்கேதான் அடக்கம். 1922-இல் அவரைப் புதைத்தபோது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன. அதை எழுதிக் காட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரை நாளாவது ஒதுக்குங்கள்.