கரித்தீயில் வறுத்த ஊலாங்: நான்கு ஆண்டுகள் குடித்த பிறகு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையில் விளைந்த ஷுய் ஷியான் என்ற ஊலாங்கை, அதாவது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகையை, முதன்முறையாக வாங்கி, பொட்டலத்தைப் பிரித்த கையோடு போட்டுக் குடித்தபோது, விறகடுப்பில் புகை பிடித்துப்போன பாலின் நினைவுதான் வந்தது. இந்தத் தேயிலையின் இயல்பே புகைவாசம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பாதிப் பொட்டலத்தை மூடி அலமாரியில் தள்ளிவிட்டேன். ஏழெட்டு மாதங்கள் கழித்து, வீட்டில் வேறு தேயிலை இல்லாத ஒரு நாளில் அதையே எடுத்துப் போட்டபோது, புகை என்று நான் நினைத்தது அனேகமாக மறைந்து, வறுத்த வேர்க்கடலைத் தோலும் கருப்பட்டியும் கலந்தாற்போன்ற ஒரு மணம் எழுந்தது. அன்று தொடங்கிய ஆர்வம்தான் இன்றுவரை தொடர்கிறது.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால், வறுக்கும் முறையைச் சற்று அறிந்திருக்க வேண்டும். ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் பறிக்கப்படும் வூயி இலைகள், காற்றுப்பட்டு ஓரளவு கருத்ததும், அதாவது ஆக்சிகரணம் ஆனதும், அந்த மாற்றம் சூட்டில் நிறுத்தப்பட்டு, முறுக்கிக் காயவைக்கப்பட்ட பிறகே கரித்தீக்கு வருகின்றன. குழியில் இட்ட கரியை மூட்டி, சுவாலையும் புகையும் முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்து, அதன்மேல் வெண்சாம்பலைப் போர்த்துகிறார்கள். சாம்பலின் கனத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சூட்டை ஆள்கிறார்கள். அதன்மேல் இடை சிறுத்த மூங்கில் கூடையை வைத்து, இலையைப் பரப்பி, அவ்வப்போது கூடையைக் குழியிலிருந்து விலக்கிக் கையால் புரட்டிக்கொடுத்து, மணிக்கணக்கில் வறுக்கிறார்கள். ஒரு முறை வறுத்ததைச் சில வாரங்கள் ஆறவிட்டு மறுபடியும் வறுப்பதும் உண்டு. இந்த முறையில் இலைக்குப் போய்ச்சேர வேண்டியது வெப்பம் மட்டுமே. கூடையை ஏற்றும்போது புகை மிச்சமிருந்தால் அது வறுப்பவரின் பிழையேயன்றித் தேயிலையின் சிறப்பு அல்ல.

அப்படியானால் முதல் நாள் நான் உணர்ந்தது என்ன? வெப்பத்தில் இலையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பைரசின் போன்ற சேர்மங்களை உண்டாக்குகின்றன. காப்பிக்கொட்டையிலும் வறுகடலையிலும் நாம் முகர்வது இவ்வகை மணத்தையே. புதிதாக வறுத்த இலையில் இது மேலோங்கி, பூமணத்தையும் இனிப்பையும் அமுக்கிவிடுகிறது. சீனத் தேநீர்ப் பிரியர்கள் இதைத் தீயின் சுவை என்றும், மாதங்கள் செல்லச் செல்ல அது தணிவதைத் தீ இறங்குதல் என்றும் சொல்கிறார்கள். உண்மையான புகைவாசம் வேறு வகை. விறகிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் எரியும்போது எழும் குவாயகால் முதலான பீனால்கள் இலையில் படிவதால் வருவது அது. வூயி மலைத்தொடரிலேயே உள்ள தோங்மு கிராமத்து லாப்சாங் சூசோங்கில் பைன் விறகின் புகையை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள், ஆனால் அது ஊலாங் அன்று, முழுமையாக ஆக்சிகரணம் ஆன கறுப்புத் தேயிலை.

இரண்டாம் ஆண்டில், கரித்தீயில் வறுத்தது என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஓர் ஊலாங்கை இணையக் கடையொன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஓராண்டு ஜாடியில் வைத்திருந்தும் அதன் நாற்றம் இறங்கவில்லை. அதே இலையில் ஆறாவது முறை நீர் ஊற்றியபோதும் ஈர விறகின் நெடியே நாக்கில் ஒட்டியது. கேட்டதற்கு, அதுதான் மரபு என்று பதில் வந்தது. மரபின் பெயரால் விற்கப்படும் பிழைக்கு அதுவே எனக்குக் கிடைத்த தெளிவான சான்று.

பிறரைக் குறை சொல்லும் நானும் அதே பிழையைச் செய்தேன். மழைக்காலத்தில் ஈரம் கோத்த சுமார் 40 கிராம் இலையை மீட்க எண்ணி, சிரட்டைக்கரியை மூட்டி, மேலே சல்லடையில் இலையைப் பரப்பினேன். கரி முழுதும் கனலாகும் முன்பே அவசரப்பட்டதால், ஓரத்திலிருந்த கறுப்புத் துண்டொன்றிலிருந்து நூல் போல எழுந்த புகை, மூன்று நான்கு நிமிடங்களிலேயே அத்தனை இலையையும் கெடுத்துவிட்டது. தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எவ்வளவு விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பது அன்று புரிந்தது.

இப்போது நான் அதிகம் குடிப்பது தைவானின் நந்தோ மாவட்டத்து தோங் திங் ஊலாங். உருண்டையாகச் சுருட்டிய இந்த இலையை மிதமாக வறுத்து வாங்கினால் பச்சை வாடை போய், துவர்ப்பு மட்டுப்பட்டு, நெய்ப்பான இனிப்பு தொண்டையில் நிற்கிறது. லோங்கன் பழமரக் கரியில் வறுத்ததற்குத் தனி மதிப்பு உண்டு. அந்தக் கரி சீராகவும் நெடுநேரமும் கனல்வதே அதன் பயன் என்று நினைக்கிறேன். பழத்தின் வாசம் இலையில் ஏறுகிறது என்ற பேச்சை என் நாக்கு இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தயாரிக்கும் முறையில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 110 மில்லிலிட்டர் மூடிக் கிண்ணத்துக்கு 7 கிராம் இலையும், கொதி தணியாத நீரும், முதல் சில முறை 15 வினாடிக்குள் வடிப்பதும் போதும். கடுமையாக வறுத்த ஷுய் ஷியானை மட்டும், வாங்கிய தேதியை ஜாடியில் ஒட்டி, குறைந்தது ஆறு மாதம் தொடாமல் வைக்கிறேன். சென்ற கார்த்திகையில் வந்த ஜாடி இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது.