சியர்லீடிங்: மூன்று ஆண்டுக் கணக்குக் கொப்பி

2023 ஜனவரியில் என் மகள் சியர்லீடிங் அணியில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. குட்டிக்கரணம் போட்டு, நடனமாடி, ஒருவரையொருவர் தூக்கி நிறுத்தும் குழு விளையாட்டு அது. அன்றே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அணிக்காக வீட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு ரூபாயையும் எழுதத் தொடங்கினேன். கணக்கு எழுதுவதுதான் என் தொழில். இப்போது மூன்று பருவங்கள் முடிந்து கொப்பியும் நிறைந்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் "எவ்வளவு முடியும்? நம்மால் தாங்குமா?" என்று என்னிடம் கேட்ட தாய்மார் பலர். அவர்களுக்கு நின்ற நிலையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆண்டின் மொத்தச் செலவு 158,000 ரூபாய். அதில் பயிற்சிக் கட்டணம் மாதம் 6,000 வீதம் 72,000. மீதி 86,000 பயிற்சி அல்லாதவற்றுக்குப் போனது: உடைக்கு 18,500, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சப்பாத்துக்கு வரியோடு 24,000, தலையில் கட்டும் ரிப்பன் பூவுக்கு 2,500, ஒப்பனைப் பொருட்களுக்கு 4,000, போட்டிக்கான நுழைவுப் பங்கு 5,000, நாங்கள் நால்வர் பார்க்கப் போன டிக்கெட் 6,000. பயிற்சி முடியும்போது இருட்டிவிடும் என்பதால் பம்பலப்பிட்டியிலிருந்து வீடு திரும்ப முச்சக்கர வண்டிக்கு மட்டும் 26,000. பிள்ளை கற்றதற்குக் கொடுத்த காசைவிட, கற்றதைச் சுற்றியிருந்தவற்றுக்குக் கொடுத்த காசு அதிகம். டிசம்பரில் கூட்டிப் பார்த்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அந்த ஆண்டு நடுவில் எங்கள் அணியின் மிக நல்ல ஃபிளையர் (மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்தும் பிள்ளை) அணியை விட்டு நின்றுவிட்டாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளை. மேலே தூக்கி நிறுத்தினால் விளக்குத் தண்டு மாதிரி அசையாமல் நிற்பாள். உடைக்கான காசைக் கட்ட வேண்டிய வாரத்தில் வரவில்லை; அதன்பிறகும் வரவில்லை. அவள் தாய் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. 18,500 ரூபாய் உடை ஒரு பிள்ளையை வெளியே தள்ளுமென்றால் அந்த உடை யாருக்குத் தேவை என்று அன்று கேட்டேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின் நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து செய்து பார்த்தவை.

நியூ ஜேர்சியில் இருக்கும் என் மச்சாளின் மகளும் இதே விளையாட்டில் இருக்கிறாள். அங்கே தனியார் பயிற்சிக்கூட அணிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டொலர் போகிறது. போட்டிக்கு வெளியூர் போனால், அமைப்பாளர் குறித்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் இருந்திருக்கிறது. அந்த நாட்டின் மிகப் பெரிய சியர் நிறுவனமான வார்சிட்டி மீது, சந்தையைத் தன் பிடியில் வைத்து விலையை ஏற்றியதாக வழக்குகள் தொடரப்பட்டன. 2023இல் 43.5 மில்லியன் டொலருக்கும், 2024இல் பெற்றோர் தரப்பு வழக்கொன்றில் 82.5 மில்லியன் டொலருக்கும் அது சமரசத்துக்கு வந்தது. எங்கள் கொழும்பு அணியின் அளவுக்கும் அந்தத் தொகைகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் மச்சாள் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்: "எது கட்டாயம், யார் கட்டாயமாக்கினார்கள் என்று முதலில் கேள்."

கேட்டேன். உடையை ஒரே ஒரு இடத்தில்தான் தைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒன்று புதிதாக வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லை. வழக்கமாக நடந்துவந்தது, அவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்துக்குச் சர்வதேச சியர் ஒன்றியத்தின் புள்ளித்தாளை அச்சடித்துக் கொண்டுபோனேன். நூறு புள்ளிகளில் பிள்ளையைத் தூக்கி நிறுத்தும் ஸ்டன்ட்டுக்கு 25, அப்படி நிற்பவர்களை இணைத்துக் கட்டும் பிரமிடுக்கு 25, மேலே எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டொஸ்ஸுக்கு 15, குழுக் குட்டிக்கரணத்துக்கு 10, கோஷமிடும் சியர் பகுதிக்கு 10, ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தடையின்றி மாறும் ஓட்டத்துக்கு 5, மொத்தத் தோற்றமும் நடனமும் பார்வையாளரைக் கவர்வதும் சேர்ந்து 10. உடைக்கென்று ஒரு வரிகூட இல்லை. "மற்றப் பிள்ளைகள் மின்னும்போது நம் பிள்ளைகள் மங்கலாக நிற்குமே" என்று ஒரு தாய் கண் கலங்கினார். அவர் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு உடை பெரிய விஷயம்தான்.

வழியைக் காட்டியவர் பரதநாட்டிய உடை தைக்கும் ஒரு தையல் அக்கா. நாட்டிய உடைகளில் பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக உள்ளே துணியை மடித்துத் தைப்பார்கள் அல்லவா? சியர் உடையிலும் அதையே செய்தார். புறக்கோட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய, நாலு பக்கமும் இழுபடும் துணியை நிறை கணக்கில் வாங்கினோம். இரண்டு பக்கத் தையலிலும் பாவாடை இடுப்பிலும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தார். ஆண்டு எண் போடவில்லை. கல் ஒட்டவில்லை, முதல் ஆண்டு உடையில் ஒட்டிய கற்கள் இரண்டாம் கழுவலிலேயே உதிர்ந்திருந்தன. உடை அணியின் சொத்து. பிள்ளை விலகினால் திரும்பி வரும், அடுத்தவளுக்குப் போகும். இரண்டு பருவம் தாண்டியும் இழுவை குறையவில்லை. குறை ஒன்றுதான்: அக்குள் பக்கம் இருந்த வெள்ளைத் துண்டு வியர்வையில் மஞ்சளாகிவிட்டது. இனித் தைப்பவர்கள் அங்கே கடும் நிறம் வையுங்கள். மூன்றாம் ஆண்டில் உடைக்கு நான் கொடுத்தது, பிரித்துத் தைத்த கூலி 1,800.

சப்பாத்தில் நாங்கள் அவசரப்பட்டு ஒரு பிழை விட்டோம். 24,000 கொடுத்து வாங்கிய இறகு போன்ற வெள்ளைச் சப்பாத்தை மகள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு காலி வீதி நடைபாதையில் நடந்தாள். பத்து மாதத்தில் அடிப்பகுதி விளிம்பில் பிரிந்தது. மெத்தைக்கென்று செய்த மெல்லிய அடி சீமெந்துக்குத் தாங்காது. கடற்கரை ஈரக்காற்றும் பசையைத் தளர்த்தியிருக்கும். அதனால் எல்லோரும் பாடசாலைச் சப்பாத்துக்கே மாறிவிடலாம் என்று முடிவெடுத்தோம். முதல் நாளே பயிற்சியாளர் மிஸ் நிறுத்திவிட்டார். ஃபிளையரின் பாதத்தைக் கீழே இருப்பவர்கள் விரல்களால் பிடித்துத் தாங்குகிறார்கள். தடித்த இறப்பர் அடி கைக்குள் அடங்காது, தோளில் ஏறும்போதும் அழுத்தும். ஆகவே ஃபிளையர்களுக்கு இலேசான சப்பாத்து வேண்டியதே. அதற்கு ஒரு பரிமாற்றப் பெட்டி வைத்தோம். கால் வளர்ந்து போடமுடியாமல் போன நல்ல சோடிகள் அதில் சேரும், அளவு பொருந்தியவள் எடுத்துக்கொள்வாள். என் மகள் பேஸ், கீழே நின்று தூக்குபவள். அவளுக்கு இங்கேயே 5,200 ரூபாய்க்கு வாங்கிய இலேசான பயிற்சிச் சப்பாத்து போதுமாக இருக்கிறது. பையில் கொண்டுபோய் மண்டபத்தில்தான் மாட்டுகிறாள்.

மெத்தையைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மிகவும் உழைத்த பொருள் அது. போட்டித் தளம் 54 அடிக்கு 42 அடி. அதை யாரும் வீட்டில் விரிக்க முடியாது. மண்டபத்தில் வாரம் இரண்டு நாள்தான் கிடைக்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் சீமெந்துத் தரையில் பாயைப் போட்டுக் குட்டிக்கரணம் போட்டார்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. 2023 முடிவில் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன இருக்கை தைக்கும் ஒரு பாஸிடம் போய், எட்டடிக்கு நாலடி, இரண்டங்குலத் தடிப்பில், நாலாக மடிக்கக்கூடிய இரண்டு மெத்தைகள் செய்வித்தோம். உள்ளே சாதாரண ஸ்பொஞ்ச் வேண்டாம், துண்டுகளை அழுத்திச் செய்த கடினமான வகை வேண்டும் என்று சொன்னோம். மென்மையானது முதலில் சுகமாக இருக்கும். குதித்து இறங்கும்போது கால் உள்ளே புதைந்து கணுக்கால் பிரளும். மொத்தம் 57,000, ஆறு குடும்பத்துக்கும் 9,500 வீதம். எங்கள் தொடர்மாடியின் கீழ்த் தளத்தில் வைத்திருக்கிறோம்.

இரண்டு ஆண்டு முடிந்த நிலையில் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கவில்லை. தோற்றது மேலுறைதான். கிருமி போகட்டும் என்று முதல் ஆறு மாதம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். ரெக்சின் மேற்பூச்சு பொரிந்து வெடித்தது. இப்போது சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணி மட்டும். இரு மெத்தைகளையும் சேர்க்கும் வெல்குரோவில் தலைமுடியும் நூலும் அடைத்துப் பிடி விட்டுவிட்டது, அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் விரல் மாட்டிச் சுளுக்கியது. மாதம் ஒருமுறை சீப்பால் வாரி எடுக்க வேண்டும். ஒக்டோபர் மழையில் மடித்தபடியே வைத்ததில் மடிப்புக்குள் பூஞ்சணம் வந்தது. இப்போது மழைக்காலத்தில் சுவரோரம் விரித்து நிறுத்துகிறோம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இது குட்டிக்கரணத்துக்கும் கைநிலைக்கும் மட்டும். பயிற்சியாளர் இல்லாத இடத்தில் ஒருவரையும் தூக்கக் கூடாது என்பதைத் தாள் ஒட்டி எழுதி வைத்திருக்கிறோம். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை விதிகளில், பாஸ்கெட் டொஸ் போன்ற எறிதல்களை மெத்தை, புல் போன்ற இளகும் தளத்தில்தான் செய்யலாம், வெறுந்தரையில் செய்ய முடியாது. வீட்டு மெத்தை அதற்குப் பதிலீடல்ல.

போக்குவரத்தை மூன்று பிள்ளைகள் ஒரே முச்சக்கர வண்டியில் சேர்ந்து 9,600க்குக் கொண்டுவந்தோம். ஒப்பனைப் பெட்டி அணிக்கு ஒன்று, என் பங்கு 600. கண் மை மட்டும் அவரவர் சொந்தம். ரிப்பன் பூவை நாங்களே கட்டுகிறோம், 350. நுழைவுப் பங்கு ஏறி 6,000 ஆனது; அதில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்க்கப் போவதை இருவராகக் குறைத்து 3,000. தாத்தாவையும் பாட்டியையும் வீட்டில் விட்டுப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்தச் செலவுகள் ஒரே மாதத்தில் வந்து அமுக்குவதுதான் பெரிய பாரம். அதற்கு ஏலமில்லாச் சீட்டு ஒன்று பிடித்தோம்: ஆறு குடும்பம், மாதம் 4,000, தேவை முந்தியவருக்குச் சீட்டு முந்தி. கொட்டாஞ்சேனைப் பிள்ளை இருந்தபோது இது இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

குறைக்கக் கூடாத ஒன்றும் இருந்தது. இரண்டாம் ஆண்டில் சில பெற்றோர், மூத்த மாணவி ஒருத்தி கற்றுக்கொடுக்கட்டும், மிஸ்ஸின் கட்டணம் மிச்சமாகும் என்றார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பயிற்சியில் ஃபிளையர் ஒருத்தி பின்பக்கமாகச் சரிந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். பின்னால் நின்ற பேக்ஸ்பொட் பிள்ளை, பன்னிரண்டு வயது, தன் உடம்பைக் கொடுத்து அவள் தலையையும் தோளையும் ஏந்தினாள். எத்தனையோ வாரம் மிஸ் அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வித்ததால் வந்த கை அது. கட்டணம் 7,500 ஆக உயர்ந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் கட்டினேன்.

மூன்றாம் ஆண்டின் மொத்தம் 116,550. பயிற்சிக்கு 90,000, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 26,550. முதல் ஆண்டில் அந்த மற்றவை 86,000 ஆக இருந்ததை மேலே எழுதியிருக்கிறேன். பயிற்சியாளருக்குக் கூடுதலாகக் கொடுத்தும் மொத்தம் 41,450 குறைந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனைத் தாயை இந்தப் பருவத் தொடக்கத்தில் போய்ப் பார்த்தேன். உடை இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, கட்டணம் மட்டும்தான் என்றேன். தேத்தண்ணீர் தந்து அன்பாகப் பேசினார். மகள் இப்போது நெட்போல் விளையாடுகிறாளாம். அவளுக்கு அது பிடித்திருக்கிறதாம். அவளுடைய அளவில் ஒரு உடை எங்கள் அலுமாரியில் இருந்தது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தெஹிவளைப் பிள்ளைக்கு அதைப் பிரித்துக் கொடுத்தோம்.

மெத்தையின் மேலுறையை மாற்ற, அதைச் செய்துதந்த பாஸ் 14,000 கேட்கிறார். இந்த மாதச் சீட்டை அதற்கே எடுப்பது என்று ஆறு வீட்டாரும் ஒப்புக்கொண்டோம். வெல்குரோவுக்குப் பதில் அகலமான மடிப்புத் துணி வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.