100 லிட்டர் ஐஸ் பெட்டியில் வேட்டைக்கறி: இரண்டு நெடும்பயணங்களுக்குப் பிந்தைய மதிப்புரை

தொலைதூர வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் செலவிடும் யோசனையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, சுட்ட விலங்கின் கறியை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதற்குச் செலவிடுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே துண்டாக வார்த்த தடித்த பிளாஸ்டிக் சுவரும், அதற்குள் சுமார் ஐந்து சென்டிமீட்டர் பாலியூரித்தேன் நுரையும் கொண்ட 100 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு பருவங்களில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 1,400 கிலோமீட்டர் சாலைவழியாக மான்கறி கொண்டுவந்திருக்கிறேன். முதல் பயணத்தில் ஒரு முழுப் பின்தொடையை இழந்தேன். இரண்டாம் பயணத்தில் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. இரண்டு முறையும் பெட்டி அதே பெட்டி, ஐஸின் அளவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே பெட்டியைப் பற்றி எழுதும்போது, அதற்குள் என்ன நிலையில் கறி போனது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

விளம்பரத்தில் "ஏழு நாள் ஐஸ் தாங்கும்" என்று போட்டிருந்தார்கள். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே குளிர்வித்த பெட்டியை விளிம்புவரை ஐஸால் நிரப்பி, மூடியைத் திறக்காமல் நிழலில் வைத்தால் அந்தக் கணக்கு ஒருவேளை சரியாக வரலாம். வேட்டையிலிருந்து திரும்புகிறவரின் பெட்டியிலோ பாதிக்கு மேல் கறி இருக்கிறது. ஐஸுக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு இடம்தான். வெளியே 30 டிகிரி வெயில் இருந்தபோது என் பெட்டியில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆறு கிலோ ஐஸ் கரைந்தது. வாங்குகிறவர்கள் நாள்கணக்கை மறந்துவிட்டு இந்தக் கிலோக்கணக்கையே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பயணத்தில் செய்த தவறு எளிமையானது. மாலையில் மான் விழுந்தது; தோலுரித்து, தொடைகளை எலும்போடு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, இளஞ்சூடு ஆறுவதற்குள் பெட்டியில் அடுக்கி, மேலே 20 கிலோ ஐஸைக் கொட்டி அன்றிரவே புறப்பட்டுவிட்டேன். கூட வந்த மூத்தவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஃபிரிட்ஜ் இல்லை. கறி ஆறாமல் உள்ளே வைத்தால் ஐஸ் முழுக்க அதை ஆற்றுவதற்கே போய்விடும்" என்றார். எனக்கு அவசரம்; கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40 கிலோ கறியை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3,500 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சுகிறது. அதாவது பத்தரை கிலோ ஐஸ் வழிப்பயணத்துக்கு எந்த உதவியும் செய்யாமல் முதலிலேயே தண்ணீராகிவிடுகிறது. மிச்சம் இருந்த ஒன்பதரை கிலோவைக் கொண்டு 52 மணி நேரப் பயணத்தைத் தாண்ட முடியாது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மூடியைத் திறந்தபோது அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் செந்நீர் நின்றது. அதில் ஊறிய பைக்குள்ளும் தண்ணீர் புகுந்து கறி வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு பின்தொடையின் வெளிப்புறம் நன்றாக இருப்பதாகவே தெரிந்தது. கத்தியை இடுப்பு மூட்டுவரை இறக்கி எலும்பையொட்டிப் பிளந்தபோதுதான் புளித்த வாடை வந்தது. மூட்டைச் சுற்றிய சதை வழவழத்துப் பச்சை பாய்ந்திருந்தது. தொடையின் நடுவில் எலும்பைச் சுற்றித்தான் வெப்பம் கடைசிவரை தங்குகிறது, கெடுதலும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆறு கிலோவுக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தேன். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கறியைக் கவனக்குறைவால் மண்ணுக்குக் கொடுத்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அந்த உறுத்தல்தான்.

இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தேன். விலங்கின் குடலை உடனே நீக்கி, தோலுரித்து, காற்றோட்டமுள்ள பருத்தித் துணிப்பைகளில் தொடைகளைப் போட்டு இரவு முழுதும் நிழலான இடத்தில் தொங்கவிட்டேன். அன்று இரவுக் குளிர் 3 டிகிரிவரை இறங்கியதால் காலையில் கறியின் மேற்பரப்பு காய்ந்து மெல்லிய ஏடு கட்டியிருந்தது. அந்த ஏடு ஈயையும் ஈரத்தையும் அண்டவிடுவதில்லை. உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. அந்த விறைப்பு முடிவதற்குள் எலும்பிலிருந்து அறுத்தெடுத்தாலோ உறைய வைத்தாலோ தசை சுருங்கி, சமைத்த பிறகும் கறி தோல்போல் இழுக்கும். எனவே காலைவரை பொறுத்து, அதன்பிறகு எலும்பை நீக்கினேன். எலும்பு போனதில் பெட்டியில் இடமும் மிச்சமாயிற்று, வெப்பம் ஒளிந்துகொள்ளும் இடமும் இல்லாமல் போயிற்று.

பெட்டியையும் முந்தைய நாளே தயார்ப்படுத்தினேன். வெயிலில் கிடந்த பெட்டியின் சுவரே கொஞ்சம் ஐஸைத் தின்றுவிடும் என்பதால், பழைய ஐஸ் சிறிது போட்டு ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, ஏற்றும் நேரத்தில் அதைக் கொட்டினேன். தளர் ஐஸுக்குப் பதிலாக இரண்டு லிட்டர் பாட்டில்கள் பன்னிரண்டில் தண்ணீரை உறைய வைத்துக்கொண்டேன். உறையும்போது தண்ணீர் சுமார் ஒன்பது சதவீதம் விரிவதால் ஒவ்வொன்றிலும் கழுத்துக்குக் கீழே இடம் விட்டேன். மொத்தம் 21 கிலோ தேறியது. பெரிய பாளம் சிறு கட்டிகளைவிட மெதுவாகக் கரைகிறது, கரைந்த நீரும் பாட்டிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பாதிப் பாட்டில்கள் அடியில், அவற்றின் மேல் கம்பித்தட்டு, அதன்மேல் கறிப்பைகள், மீதிப் பாட்டில்கள் மேலே, காலியிடங்களில் துணித்துண்டுகள் என்று அடுக்கினேன். கம்பி முனையில் உணர்வான் உள்ள ஒரு வெப்பமானியைக் கறியின் நடுவே செருகி, அதன் திரையை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் வைத்துக்கொண்டதால் வழியில் மூடியைத் திறக்கவே நேரவில்லை. புறப்படும்போது 4 டிகிரி காட்டியது; முதல் இரவில் 2 ஆனது; 52 மணி நேரம் கழித்து வீட்டு வாசலில் 3. பன்னிரண்டு பாட்டில்களில் ஐந்தில் இன்னும் பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. கறி கெடாமலிருக்க வேண்டிய எல்லை 4 டிகிரி என்பதை வைத்துப் பார்த்தால், பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இனி குறைகள். வெறும் பெட்டியே 17 கிலோ. கறியும் ஐஸும் சேர்ந்தால் 80 கிலோவைத் தொடுகிறது. இருவர் இல்லாமல் வண்டியில் ஏற்ற இயலாது, கயிற்றுப் பிடி உள்ளங்கையை அறுக்கிறது. நான் வாங்கிய பெட்டியில் வடிதிருகின் (உருகிய நீரை வடிக்கும் திருகின்) வாஷர் முதல் பயணத்திலேயே பிதுங்கி, செந்நீர் சொட்டுச் சொட்டாக வண்டியின் தரைவிரிப்பில் இறங்கியது. அந்த வாடை போக ஒரு மாதம் ஆயிற்று. தயாரிப்பாளருக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை, நானே தடித்த ரப்பர் வாஷர் ஒன்றை வெட்டிப் போட்டேன். மூடியின் ரப்பர் பட்டையும் கொக்கிகளும் இன்றுவரை உறுதியாக உள்ளன. உட்சுவர் வாடையைப் பிடித்துக்கொள்கிறது. சோப்பு நீரால் கழுவி, சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்தால்தான் விடுகிறது.

உலர்பனியை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, ஏற்கெனவே உறைந்த கறியை உறைந்தபடியே கொண்டுபோக அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. இவ்வளவு இறுக்கமாக மூடும் பெட்டியில் வடிதிருகைச் சற்றுத் தளர்த்தாமல் வைத்தால் அழுத்தம் கூடிப் பெட்டி வெடிக்கக்கூடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்தால் ஓட்டுகிறவருக்கே மூச்சு முட்டும். திறந்த பின்பகுதியுள்ள வண்டி இருப்பவர்கள் மட்டுமே இதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. வெறுங்கையால் தொடவே கூடாது.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். பல விமான நிறுவனங்கள் ஒரு பொதிக்கு 23 கிலோ தருகின்றன, 32 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் ஏற்பதேயில்லை. பெட்டியே 17 கிலோ என்றால் மிஞ்சுவது என்ன? அங்கேயே கல்லாக உறைய வைத்த கறியை, உள்ளே தெர்மோகோல் பதித்த அட்டைப்பெட்டியில் இடைவெளியின்றி அடைத்துக் கொண்டுவருவதே நடைமுறைக்கு ஒத்துவரும். உலர்பனி வைப்பதானால் ஒருவருக்கு 2.5 கிலோதான் உச்சவரம்பு, அதற்கும் விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும், வாயு வெளியேற வழியும் இருக்க வேண்டும்.

எலும்பை நீக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமானிலும் கண்டறியப்பட்டது. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்நோயை உண்டாக்கும் கூறு செறிந்திருப்பதால், அமெரிக்க மாநிலங்கள் பலவும் முழு உடலையோ முதுகெலும்பையோ எல்லை தாண்டிக் கொண்டுவர விடுவதில்லை; எலும்பு நீக்கிய கறிக்குத் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, ஒருசில அண்டை நாடுகள் நீங்கலாக, வெளியிலிருந்து வரும் பயணிகள் எவ்வகை இறைச்சியையும் கொண்டுவர அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமத்தையும் விலங்குக்குரிய அடையாளச் சீட்டையும் கறியோடு ஒரே பெட்டியில், நனையாத உறையில் வைத்திருங்கள்.

கரடிக்கறியோ காட்டுப்பன்றிக்கறியோ கொண்டுவருகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: குளிர்நாட்டுக் கரடியில் இருக்கும் டிரிக்கினெல்லா என்னும் ஒட்டுண்ணிப் புழு உறைநிலையிலும் சாவதில்லை, எனவே பெட்டி எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் கறியின் நடுப்பகுதி 71 டிகிரி எட்டும்வரை வேக வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் 40 கிலோவையும் ஒரே நேரத்தில் ஃப்ரீசரில் திணிக்கவில்லை. அப்படிச் செய்தால் அதன் உள்வெப்பம் ஏறி, முன்பே இருந்தவையும் இளகிவிடும். பாட்டில்களை மட்டும் புதிதாக உறைந்தவற்றோடு மாற்றி, பெட்டியைக் கொட்டகையில் வைத்து, ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ வீதம் பொட்டலம் கட்டி மைனஸ் 18 டிகிரிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மாலை கடைசிப் பொட்டலத்தை எடுத்தபோதும் வெப்பமானி 3 என்றே காட்டியது.